அஞ்சலை மரத்தில் பேய் இல்லை

வனக் காவலர்களாகிய நீங்கள் மேல் பாதையில் ரோந்து போகும்போது, இரண்டாவது வளைவைத் தாண்டியதும் ஒரு பெரிய மரத்தடியில் எல்லோரும் மூச்சு வாங்க நிற்கிறீர்கள். முதுகைச் சாய்த்துக்கொண்டு, வாக்கி டாக்கியில் "அஞ்சலை மரத்துகிட்ட இருக்கோம்" என்கிறீர்கள். நாங்கள் வேலையில் இருந்தபோது வைத்த பெயர் அது. இன்னும் புழக்கத்தில் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஐயா, அந்த மரத்துல அஞ்சலைன்னு ஒரு பேய் இருக்காமே, நெசமா?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற இன்னொருவர், "அதான் லா அதுல பாசி மெலிசா இருக்கு" என்று ஆதாரமும் கொடுத்தார்.

அங்கே சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு கோபம் வந்தது. அஞ்சலை அக்கா பேயாகத் திரிகிற ஆள் இல்லை. தன் வீட்டுக் கட்டிலில், பேரப்பிள்ளைகளை விரட்டி விரட்டி வேலை வாங்கியபடி, கோப்பியில் சீனி பத்தவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தவர். அந்த மரத்தில் பாசி மெலிந்து போனதற்குக் காரணம் நான். உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியவனும் நான்தான் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். ஓய்வு பெற்றவன் கையில் பேனா கிடைத்தால் அப்படித்தான்.

நான் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் பிறந்தவன். உங்களில் பாதிப் பேரும் அப்படித்தான். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை, அம்மாவுக்குக் கொழுந்தெடுப்பு. எழுபதுகளின் நடுவில் எனக்கு வனக் காவலர் வேலை கிடைத்து, காக்கிச் சட்டையோடு லைன் வாசலில் வந்து நின்றபோது, அம்மா பன்னிரண்டு கதவையும் தட்டி எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். அதுவரை எங்களுக்குக் காடு என்றால் மலைக்கு மேலே கிடக்கும் ஈரமான இருட்டு. விறகுக்காக அதன் ஓரம் வரை போவோம். தேயிலை எங்கே முடிகிறதோ அங்கே எங்கள் உலகம் முடிந்துவிடும்.

முதல்முறை உள்ளே போன நாள் இன்னும் என் காலில் இருக்கிறது. தரை அமுங்கியது, மெத்தைமேல் நடக்கிற மாதிரி. எங்கே மரம் முடிகிறது, எங்கே பாசி தொடங்குகிறது என்று தெரியவில்லை. மழை இல்லை, ஆனால் எல்லாக் கிளைகளும் சொட்டிக்கொண்டிருந்தன. மேகம் ஒரு பக்கம் நுழைந்து இன்னொரு பக்கம் வெளியே போய்க்கொண்டிருந்தது. கடுகளவு பூ வைத்த ஆர்க்கிட் செடி ஒன்று என் சட்டைப் பொத்தானுக்கு நேராக இருந்தது. இலை நுனியில் சிறு சொம்பு கட்டித் தொங்கவிட்டுப் பூச்சிக்காகக் காத்திருக்கும் குடுவைச் செடியை அன்றுதான் பார்த்தேன். கீழ்ச்சரிவில் சியாமாங் குரங்குகள் தொண்டையை ஊதிக்கொண்டு கத்தத் தொடங்கியதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அது வரும் வீட்டுக்குள் அன்றுதான் போனேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஆரம்பம் முதலே நான் கெட்டிக்காரக் காவலன் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் தடம் பார்க்கும் வேலையில் பா லெங் என்று ஒருவர் இருந்தார். செமாய் பூர்வகுடிக்காரர், என் வயதுதான். முதல் வருடம் ஒரு மாலை ஆறு மணிக்குச் சரிவில் ரம்பம் அறுக்கும் சத்தம் கேட்டது. மரத்திருடன் என்று முடிவு செய்து, விசில் ஊதி, நான்கு பேரை இழுத்துக்கொண்டு சறுக்கிச் சறுக்கி இறங்கினேன். ஒருவருக்குக் கணுக்கால் பிசகியது. எல்லோரும் சேற்றோடு அடிவாரத்தில் நின்றபோது, பா லெங் நிதானமாக இறங்கி வந்து ஒரு மரத்தைக் காட்டினார். கட்டைவிரல் நீளத்தில் ஒரு சில்வண்டு உட்கார்ந்து ரம்பம் இழுத்துக்கொண்டிருந்தது. "உன் திருடன்," என்றார் மலாயில். "விலங்கு மாட்டு." அந்தப் பேச்சைக் கேட்டு ஒரு வருடம் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் வந்தது: நெஞ்சு படபடத்தால் முதலில் உட்கார்ந்துவிடுவேன். பிறகுதான் எழுந்து எதையும் செய்வேன். அந்த வழக்கம் எனக்கு எப்போது தேவைப்பட்டது என்பதுதான் இனி வருவது.

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. காய்கறித் தோட்டங்கள் மலையில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தன. நம் முகட்டின் மேல்காடு காடாகவே இருக்குமா, அல்லது வெட்டி முட்டைக்கோசுக்குக் கொடுக்கப்படுமா என்று முடிவெடுக்க, கோலாலம்பூரிலிருந்து மூன்று பேர் வருவதாகத் தகவல் வந்தது. வியாழக்கிழமை அவர்கள் மேல் பாதையில் நடந்து பார்ப்பார்கள். அவர்கள் எழுதுவதை வைத்துத்தான் எல்லை வரையப்படும். எனக்கு மேலே இருந்த அதிகாரி புதன்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"மாணிக்கம், பாதை சுத்தமா இருக்கணும். ஆள் எடுத்துக்கோ," என்றார்.

யாரை எடுப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. எங்கள் தோட்டத்தில், கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டி முடித்த மலையில் செடிகளைச் சுத்தம் செய்ய ஆறு பெண்கள் கொண்ட ஒரு செட்டு இருந்தது. அதற்குத் தலைவி அஞ்சலை அக்கா. எங்கள் லைனில் மூன்றாவது வீடு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சிறு வயதில் அவர் வீட்டு ஊறுகாய் ஜாடியில் கைவிட்டதற்கு அகப்பையால் வாங்கிய அடி எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர் செட்டு சுத்தம் செய்த மலையில் கங்காணி குறை சொல்லி யாரும் கேட்டதில்லை. தோட்ட மேலாளரான துரையிடம் ஒரு நாள் இரவல் கேட்டு ஆறு பேரையும் மேலே அழைத்து வந்தேன்.

"பாதையச் சுத்தமா வெச்சிடுங்கக்கா. நாளைக்குப் பெரியவங்க வர்றாங்க," என்றேன்.

"நம்ம கையில குடுத்துட்ட இல்ல? நீ போய் வேற வேலயப் பாரு தம்பி."

போனேன். அதுதான் என் தவறு, முழுத்தவறு. விருந்தாளிகளுக்கு மழைச்சட்டை, காலணி, சாப்பாடு எல்லாம் ஏற்பாடு செய்யத் கீழே தானா ராத்தா ஊருக்கு இறங்கினேன். பா லெங் மலையின் மறுபக்கம், வேட்டைக்காரர்கள் வைத்த கண்ணி தேடப் போயிருந்தார். காட்டைத் தெரிந்தவர் ஒருவர்கூட அந்த ஆறு பேரோடு இல்லை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மலைக் குளிரில் தேயிலைச் செடியின் கட்டைகளில் பாசி படரும். கவ்வாத்து வெட்டியதும் அந்தப் பாசியை மூங்கில் பத்தையால் சுரண்டி, சாக்குத் துணியால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். விட்டால் புதுத் துளிர் முட்டிக்கொண்டு வராது என்பார்கள். பாசி இருக்கிற செடி கவனிப்பார் இல்லாத செடி. பெரிய துரை பார்வையிட வருகிறார் என்றால், ரோட்டோரத்துச் செடிகள்தான் முதலில் பளபளக்கும். பள்ளி விடுமுறையில் நானே சுரண்டியிருக்கிறேன். அந்தக் கை எனக்கும் உண்டு. இருந்தும் எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

மதியம் இரண்டு மணிக்குத் திரும்பினேன். இரண்டாவது வளைவுக்கு முன்பே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. பாதையில் வெளிச்சம் அதிகமாக இருந்தது. வளைவைத் திரும்பினேன். இரண்டு பக்கமும் மரங்கள் மொட்டை போட்ட பிள்ளைகள் மாதிரி நின்றன. வேரிலிருந்து ஆள் கை எட்டும் உயரம் வரை ஒரு பொட்டுப் பாசி இல்லை. ஈரமான பழுப்புப் பட்டை, அதில் சாக்குத் துணி தேய்த்த கோடுகள். பிறகு எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொரு மரம். ஆறு பெண்களும் பாசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள், பாராட்டு வாங்க.

"பன்னெண்டு மணிக்கே பாத முடிஞ்சிடுச்சு," என்றார் அஞ்சலை அக்கா. "சும்மா ஒக்காந்திருக்க முடியுமா? இத்தன வருசமா இதுங்களக் கவனிக்க ஒரு ஆளு இல்லாம கெடந்திருக்கு, பாவம். எப்படி இருக்கு?"

நான் மரத்துக்கு மரம் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

"என்னா தம்பி, மூஞ்சி செத்துப் போச்சு? மேல கெளையெல்லாம் ஏறிச் செய்யணுமா?"

உட்கார்ந்தேன். நனைந்த தரையில், புதுக் காக்கியோடு. அவர்களைத் திட்டுவதற்கு வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். பிறகு, "அக்கா, இந்தப் பாசிதான் இந்தக் காடு," என்றேன்.

அவர் மரத்தைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். "நோயி இல்லயா அது?"

"இல்லக்கா."

கையிலிருந்த மூங்கில் பத்தையை மெல்லக் கீழே வைத்தார். செட்டில் இளையவள் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "அழுவாத," என்று அதட்டினார் அக்கா. "உரிச்சது நாமதான. கட்டிடலாம்." சொன்னதோடு நிற்கவில்லை. மூட்டையை அவிழ்த்து, பட்டைமேல் பாசியை அப்பி, சணல் கயிற்றால் சுற்றத் தொடங்கினார்கள். அரைமணி நேரத்தில் நான்கு மரங்கள் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் பழைய மாதிரி ஆகிவிட்டன. உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில் அதிகாரி மேலே ஏறி வந்தார். ஒரு சிகரெட் முடிகிறவரை ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வுக்குக் கொஞ்ச வருடங்களே மீதமிருந்த, வம்பு வேண்டாத மனிதர். பிறகு மலாயில் என்னிடம் தனியாகச் சொன்னார்: "நாளைக்கு இந்தப் பக்கம் வர வேண்டாம். கீழ்ப் பாதை வழியாச் சுத்தி முகட்டுக்குக் கூட்டிட்டுப் போ. யாராவது பார்த்துட்டுக் கேட்டா, தோட்டத்து ஆளுங்க விறகுக்கு வந்தவங்க தெரியாம செஞ்சிட்டாங்கன்னு சொல்லு." கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "முன்னால நடக்கப்போறது நீ. உன் இஷ்டம்," என்றார்.

நான் எதில் மாட்டிக்கொண்டிருந்தேன் என்று உங்களுக்குப் புரியும். கோலாலம்பூர்க்காரர்கள் இதைப் பார்த்தால், காவல்காரனே தோலுரித்த காட்டை எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்பார்கள். முகடு போய்விடும். கீழ்ப் பாதையில் கூட்டிப்போனால் முகடு தப்பிக்கலாம். ஒரே ஒரு பொய், அதையும் யாரும் கேட்டால்தான்.

நான்கு மணிக்குப் பா லெங் வந்து சேர்ந்தார். ஒரு மரத்தில் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். "இது மறுபடி ஒரு விரல் கனம் ஆகிறதுக்குள்ள உன் தலை நரைச்சிடும்," என்றார். அதிகாரி சொன்னதைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, புத்தியும் சொல்லவில்லை. "போன வருஷம் வலை போட்டுக் குருவி பிடிச்ச ஆளுங்க வந்தாங்களே, நமக்கு யார் சொன்னா?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னவர் அஞ்சலை அக்கா. கொழுந்து மலையில் நின்றபடி, பழக்கமில்லாத வேன் ஒன்றைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகம் வரை நடந்து வந்து சொன்னார். எங்கள் எல்லோரையும்விட அதிகமாக அந்தக் காட்டோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் லைன் வீட்டுக்காரர்கள்தான். அவர்கள்மேல் பழியைப் போட்டால், அதற்குப் பிறகு யாரும் எங்களுக்காக நடந்து வரமாட்டார்கள். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் எளிமையானது: அவர்களை மேலே கூட்டி வந்தவன் நான். தெரியாதவர்களிடம் வேலையைக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனவன் நான்.

பெண்கள் இறங்கப் புறப்பட்டார்கள். அஞ்சலை அக்கா மட்டும் தயங்கித் தயங்கி வந்து தன் சாப்பாட்டுத் தூக்கை என்னிடம் நீட்டினார்.

"இதுங்கள என்னா பண்றது தம்பி? பாசிக்குள்ள இருந்துச்சு. உசுரு இருக்கு, கீழ போட மனசு வரல."

மூடியைத் திறந்தேன். ஈரப் பாசிக்கு நடுவே விரல்நகம் அளவு ஒரு தவளை. கொண்டைக்கடலை மாதிரி இரண்டு நத்தை. பாசியில் ஒரு கீற்றுதான் என்று நினைத்தது கால் எடுத்து நடந்தது. பாசியையே உடுத்தியிருந்த ஒரு குச்சிப்பூச்சி. பூவோடு பிடுங்கி வந்த ஆர்க்கிட். எனக்குப் பெயர் தெரியாத இன்னும் என்னென்னவோ. பாசியைச் சுரண்டிக்கொண்டே, கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கித் தூக்கில் போட்டிருக்கிறார். அதற்காகத் தன் சோற்றை இலையில் கொட்டிச் சாப்பிட்டிருக்கிறார்.

மூடியைப் பதமாக மூடி அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். "அக்கா, நாளைக்கு வேலைக்கு லீவு சொல்லிட்டு இங்க வர முடியுமா?"

"எதுக்கு, திட்டு வாங்கவா?"

"ஆமாக்கா. என்கூட சேந்து."

கொஞ்சம் யோசித்தார். "வர்றேன். ஒன்னியத் தனியா திட்டுனா நல்லாவா இருக்கும்."

வியாழக்கிழமை காலை மூடுபனி. வந்த மூவரில் தலைவர் வயதானவர், ஊன்றுகோலோடு மெதுவாக நடந்தார். இன்னொருவர் கண்ணாடி போட்ட பெண்மணி, கையில் குறிப்புப் புத்தகம். மூன்றாவது ஆள் வரைபடம் வைத்திருந்த நிலஅளவைக்காரர், இளைஞர், அவசரக்காரர். பாதை பிரியும் இடத்தில் என் அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மேலே ஏறினேன்.

இரண்டாவது வளைவில் நின்று மலாயில் சொன்னேன்: "இந்த முப்பத்தொரு மரங்களின் பாசியை நேற்று உரிக்க வைத்தவன் நான். உரித்தவர்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள், தேயிலைக்குச் செய்வதைச் செய்தார்கள். இங்கே செய்யக் கூடாது என்று நான் சொல்லித் தரவில்லை."

நிலஅளவைக்காரர் சிரித்துவிட்டார். "காவல்காரரே உரிச்சாச்சா? அப்போ இங்க காப்பாத்த என்ன இருக்கு?"

நான் பயந்தது அதே சொற்களுக்குத்தான். ஒரு நிமிடம் அந்த மலையில் முட்டைக்கோசு வரிசைகளைக் கண்ணால் பார்த்துவிட்டேன். சொன்னபடியே வந்து மரத்துக்குப் பின்னால் நின்றிருந்த அஞ்சலை அக்காவுக்குச் சந்தைக்குப் போகிற அளவு மலாய் தெரியும். சிரிப்பு எதற்கென்று புரிந்துவிட்டது. விறுவிறுவென்று முன்னால் வந்து, தூக்கின் மூடியைத் திறந்து, கண்ணாடிப் பெண்மணியின் கையில் கொடுத்தார். "இருக்கு," என்றார் தமிழிலேயே. "பாருங்க."

அந்த அம்மாள் பார்த்தார். பிறகு பாதையிலேயே மண்டியிட்டார். ஒரு மூட்டையை அவிழ்க்கச் சொன்னார். தார்ப்பாயை விரித்து நானும் பா லெங்கும் பாசியைப் பிரித்துப் பிரித்துப் போட, அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டே போனார். இரண்டு தடவை "இது என்னன்னு எனக்கே தெரியல" என்றார். நிலஅளவைக்காரரும் ஒரு கட்டத்தில் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார்.

பெரியவர் அஞ்சலை அக்காவைக் கேட்டார், "ஒரு மரத்தில் இப்படி எவ்வளவு இருந்தது?" நான் மொழிபெயர்த்தேன்.

"எண்ணல துவான். ஒவ்வொரு கைப்பிடிலயும் எதுனா ஒண்ணு நெளிஞ்சுது. எங்க தேயிலப் பாசில எறும்புகூட இருக்காது. அப்பவே நான் யோசிச்சிருக்கணும்." சொல்லிக்கொண்டே மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தார். நீர் அவர் முழங்கை வழியாக ஓடிச் சட்டைக்குள் போனது. "மழ பேஞ்சு மூணு நாளாச்சு. பாருங்க எவ்ளோ தண்ணி. கீழ ஓடுதே அந்த ஓடை, அதுதான் எங்க லைன் பைப்புக்கு வருது. ராவெல்லாம் நெனச்சிப் பாத்தேன். என் வீட்டுப் பைப்பயே நான் சுரண்டி எடுத்திருக்கேன்."

இதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். பெரியவர் ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, தானும் ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தார். நீர் அவர் காலணியில் கொட்டியது. இறங்கும்போது, அந்த ஓடை எங்கே தொடங்குகிறது என்று என்னிடம் கேட்டார். காட்டினேன்.

சில மாதங்களில் எல்லை வரையப்பட்டது. முகடும், ஓடையின் இரண்டு கரைகளும் காடாகவே இருந்தன. எதிர்ச்சரிவு போய்விட்டது, இன்றைக்கு நீங்கள் அங்கே பார்க்கிற காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரைகளெல்லாம் அப்போது மரம். நம் பக்கம் தப்பியது ஒரு கைப்பிடிப் பாசியால்தான் என்று நான் மார்தட்டமாட்டேன். அவர்கள் என்ன எழுதினார்கள் என்று நான் பார்த்ததில்லை. அவர்கள் பொய்யைப் பார்த்துவிட்டு எழுதவில்லை, அது எனக்குத் தெரியும்.

எனக்கும் ஒரு கடிதம் வந்தது, மெமோ. அதன் வால் பிடித்துக் கடற்கரைக்கு இடமாற்றம், சதுப்புநிலக் காட்டுக்கு. அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, கையைப் பிடித்துக் குலுக்கி, அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடிவாரத்துத் தாப்பா ஊருக்கு இறங்கும் பேருந்தில், ஒவ்வொரு வளைவிலும் குளிர் குறையக் குறைய, நான் அழுதேன். அங்கே சேறும் நண்டும் நல்ல வேலையும்தான் இருந்தன, குறை சொல்லக் கூடாது. ஆனால் காலையில் எழுந்ததும் மூக்கு மேகத்தின் வாசனையைத் தேடும். அந்த ஏக்கம் கடைசிவரை போகவில்லை.

அந்த வருடங்களில் மேலே நடந்ததையெல்லாம் பா லெங் யாரிடமாவது எழுதச் சொல்லிக் கடிதம் போடுவார். எண்பதுகளில் பூச்சாடிகளுக்கு வைக்க என்று பாசி உரிக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு தடவை இரண்டு பேர் மூட்டையோடு இறங்கி வர, அஞ்சலை அக்காவின் செட்டு பாதையை மறித்து நின்றதாம். "சுரண்டுறதுல என்னவிடத் தேறுன ஆளா நீ?" என்று அக்கா கேட்டாராம். எங்கள் ஜீப் வருகிறவரை அவர்களை உட்கார வைத்து, கோப்பியும் கொடுத்திருக்கிறார். அன்று பழியை அவர்கள்மேல் போட்டிருந்தால் அந்த வழியை யார் மறித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

எண்பதுகளின் நடுவில் என்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "என்னிய மேல கூட்டிட்டுப் போ. மொட்ட போட்ட புள்ளைங்களப் பாக்கணும்." முட்டி வலியோடு இரண்டாவது வளைவு வரை ஏறினார். அன்று கயிறு கட்டிய நான்கில் இரண்டில் பாசி பிடித்துக்கொண்டிருந்தது. மற்றவையெல்லாம் பச்சை பூசிய மாதிரி மட்டும் இருந்தன. அவர் முதன்முதலில் கை வைத்த பெரிய மரத்தின் முன்னால் போய் நின்றார். உள்ளங்கையை மெல்ல வைத்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல.

"இன்னும் கோவம் தீரல போல," என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் தீபாவளி முடிந்த வாரம் வருவார். கை வைத்துப் பார்ப்பார். ஒரு வருடம், "தேவலாம், கொஞ்சம் பேசுது," என்றார். இன்னொரு வருடம் அவர் காட்டிய இடத்தில், காதோரம் வெள்ளி பூசிய சிறு குருவி ஒன்று அந்தப் பாசியில் கொஞ்சத்தை அலகால் பிய்த்துக்கொண்டிருந்தது, கூட்டுக்காக. "அது உரிச்சா பரவால்ல," என்று சிரித்தார். அவர் வந்துபோகிற மரம் என்பதால்தான் அது அஞ்சலை மரம் ஆனது.

போன மாதம் உங்களிடம் பேசிவிட்டு நான் நேராக மேலே ஏறினேன். என் தலையில் இப்போது ஒரு கறுப்பு முடிகூட இல்லை. மரத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு பக்கமும் விரலை வைத்துப் பார்த்தேன். ஓடைப் பக்கம் பாசி என் விரலைத் தாண்டிக் கனத்திருக்கிறது. உள்ளே ஒரு நத்தையும் இருந்தது. பாதைப் பக்கம் மட்டும் அரை விரல், சில இடத்தில் வெறும் பட்டை. குனிந்து பார்த்தேன். ஆள் தோள் உயரத்திலிருந்து இடுப்புவரை, வழவழப்பாக.

பாசி மெலிந்ததற்குக் காரணம் நான் என்று தொடக்கத்தில் எழுதினேன். பாதிதான் சரி. அங்கே நின்று மூச்சு வாங்குங்கள், தாராளமாக நில்லுங்கள். முதுகை மட்டும் சாய்க்காதீர்கள்.